ஊறு எட்டும் ஓர் ஈருருளியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், நல்லூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தப் புகுந்த தொல்காப்பியர், மரபியலில் தொடுவுணர்வையே முதலறிவாக வைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் உரியது அஃது ஒன்றே. சுவையும் நாற்றமும் காட்சியும் கேள்வியும் அதன்மேல் ஒவ்வொன்றாக வந்து கூடுகின்றன. மனம் ஆறாவதாக வருகிறது. மனிதன் தன்னைப் பற்றி எவ்வளவு உயர்வாக எண்ணிக்கொண்டாலும் புல்லோடு அவனுக்குள்ள உறவு தோலின் வழியாக வரும் உறவே என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும்.

பிற்காலத்தே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், உயிரில்லாப் பொருள்களின் குணங்களை எண்ணிக் காட்டுமிடத்து, வட்டம் முதலிய வடிவுகளையும், நாற்றம் இரண்டையும், வண்ணம் ஐந்தையும், சுவை ஆறையும் கூறி, ஊறு எட்டு என்றார். ஊறாவது தொட்டறியப்படும் தன்மை. அவ்வெட்டையும் வெம்மை, தட்பம், மென்மை, வன்மை, நொய்ம்மை, திண்மை, இழுமெனல், சருச்சரை என உரைகாரர் விரிப்பர். இவற்றுள் நொய்ம்மை எடையற்ற தன்மை. திண்மை அதற்கு மறுதலையான கனம். இழுமெனல் வழுவழுப்பு, சருச்சரை சொரசொரப்பு.

கண்ணுக்கும் செவிக்கும் தமிழ்க் கவிதையில் குறைவில்லை. ஆனால் இந்த ஊறு எட்டும் இன்றைய வாழ்வின் பொருள்களோடு பொருந்தி நிற்குமா என்று ஆராய்ந்தவர் மிகச் சிலர். அவ்வாராய்ச்சிக்கு இங்கே எடுத்துக்கொள்ளப்படும் பொருள் அவையினர்க்குச் சற்று வியப்பளிக்கலாம். அது கரியிழையால் ஆகிய மிதிவண்டி. நெடுஞ்சாலை ஓட்டத்திற்கென்றே செய்யப்படும் இவ்வண்டி, முழுவதும் பூட்டிய நிலையில் ஏழு எட்டுக் கிலோவே இருக்கும். ஓர் இளைஞன் அதனை இரு விரலால் தூக்கிவிடுகிறான்.

இருபது கிலோவின் காலம்

புதியதன் அருமையை உணரப் பழையதை முதலில் நினைந்து பார்த்தல் வேண்டும். 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் செய்து அனுப்பிய ஹெர்குலிஸ் வண்டிகளும், அவற்றைப் போன்ற பிறவும் ஒரு தலைமுறைக்குத் தமிழ்நாட்டின் கால்களாக விளங்கின. எஃகுக் குழாய்ச் சட்டகம், இரும்புக் கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு, டைனமோ, செயின் கவர் எல்லாம் சேர்ந்து எடை இருபது கிலோவை ஒட்டி நிற்கும். மணிமுத்தாற்றங்கரை ஊர்களிலிருந்து பால் கேனும், வாழைத்தாரும், நெல் மூட்டையும் அதில் ஏறின. முன் பாரில் ஒரு பிள்ளை, பின் கேரியரில் மனைவி, அவர் மடியில் ஒரு கைக்குழந்தை எனக் குடும்பமும் அதில் ஏறியது.

அவ்வண்டியில் சிறுவர்கள் ஏறிய முறைக்கே தனிப் பெயர் உண்டு. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்த பெரிய வண்டியின் பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபக்கம் சாய்த்து, அரைச் சுற்றாக மிதித்து ஓட்டிய அதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். உடலின் அளவுக்கும் வண்டியின் அளவுக்கும் இடையே இருந்த பொருத்தமின்மையைப் பிள்ளைகள் தம் உடலை வளைத்தே தீர்த்துக்கொண்டனர். திண்மை என்னும் ஊற்றினை அவர்கள் அறிந்தது முழங்கால் காயத்தின் வழியாகவே.

அவ்வண்டியை மிதிப்பவர் உணர்வது யாது? காலை அழுத்திய பின் ஒரு நொடி கழித்தே வண்டி அவ்வழுத்தத்தைக் கேட்டுக்கொள்வது போன்ற ஒரு தாமதம். ஓடத் தொடங்கிய பின்னரோ அதன் கனமே அதற்கு உந்தாகிறது; எளிதில் நில்லாது. கிழவரின் நடைபோல் அதற்கு ஒரு நிதானம் உண்டு. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

களிமண்ணும் கரியும்

விருத்தாசலம் பகுதியினர்க்குக் கரியிழையைப் பற்றிச் சொல்வது எளிது. ஏனெனில் அதற்கு வேண்டிய இரண்டு அறிவும் இம்மண்ணிலேயே உள்ளன. ஒன்று சூளையின் அறிவு. மற்றொன்று கரியின் அறிவு. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் விருத்தாசலத்தில் உள்ளன. அண்மையில் உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க 1956இல் நிறுவனம் அமைந்தது. பிசைந்தால் குழையும் மண் தீயில் வெந்து, நீர் புகாத, தட்டினால் ஒலிக்கும் பீங்கானாக மாறுவதை இங்குள்ளோர் நாளும் காண்கின்றனர்.

கரியிழையும் தீயில் பிறப்பதே. குளிராடை நெய்யப் பயன்படும் அக்ரிலிக் நூலுக்கு நெருங்கிய உறவான ஒரு செயற்கை நூலை முதலில் 200 முதல் 300 பாகை வெப்பத்தில் காற்றுப்பட வாட்டுவர். அது கருக்கும். பின்னர் உயிர்வளி புகாத உலையில் 1000 பாகைக்கு மேல் சுடுவர். காற்றிருந்தால் எரிந்து சாம்பலாகும் நூல், காற்றின்மையால் எரிய இயலாமல், பிறவற்றையெல்லாம் இழந்து கரியாக எஞ்சுகிறது. சூளையில் காற்றைத் தடுத்துக் கலத்தைக் கருக்கச் செய்யும் நுட்பம் தமிழ்நாட்டுக் குயவர்க்குப் பழையது. கீழடி முதலிய இடங்களில் கிடைத்த கருப்பு-சிவப்பு மட்கலங்கள் அதற்குச் சான்று.

எஞ்சும் இழையின் விட்டம் ஐந்து முதல் ஏழு மைக்ரான். தலைமயிரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றுசேர்த்து நாடாவாக்கி, பிசின் தோய்த்து, அச்சில் அடுக்கடுக்காகப் படுக்கவைத்து, வெப்பமும் அழுத்தமும் தந்து இறுகச் செய்தால் சட்டகம் உருவாகிறது. எஃகு நீரைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கனமுடையது, அலுமினியம் 2.7 மடங்கு, இழையும் பிசினும் கூடிய இப்பொருளோ ஏறத்தாழ 1.6 மடங்கே. ஒரு சட்டகத்தின் எடை ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடுவது இதனாலேயாம்.

1879இல் எடிசன் தம் மின்விளக்குக்குப் பருத்தி நூலைக் கரியாக்கினார்; பின்னர் மூங்கில் நாரையும் கரியாக்கினார். அக்கரி ஒளி தந்தது, வலிமை தரவில்லை. வலிய கரியிழை 1950களின் இறுதியிலும் 1960களிலும் அமெரிக்காவிலும் சப்பானிலும் இங்கிலாந்திலும் உருவாயிற்று. முதலில் வானூர்திக்குச் சென்றது. பின்னர் மிதிவண்டிக்கு வந்தது. 1986இல் கிரெக் லெமாண்டு என்னும் அமெரிக்கர் கரியிழைச் சட்டகத்தில் ஓட்டிப் பிரான்சு நாட்டுப் பெருஞ்சுற்றில் வென்றார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்டுமன், லோட்டசு நிறுவனத்தார் செய்த கரியிழை வண்டியில் பொற்பதக்கம் பெற்றார். இன்று சென்னையிலும் கோவையிலும் விடியற்காலை நெடுஞ்சாலைகளில் இவ்வண்டிகளைக் காணலாம்.

ஊறு எட்டும் பொருந்துமாறு

இனி அவ்வண்டியில் ஏறுபவர் உணர்வதைப் பவணந்தியார் கணக்கின்படியே நோக்கலாம்.

நொய்ம்மையும் திண்மையும் முதல் இணை. ஏறுவதற்கு முன்பே கை ஏமாறுகிறது. மிதிவண்டி என்றால் இவ்வளவு கனம் என்று கை பழகியிருக்கிறது. அப்பழக்கத்தில் தூக்கும்போது வண்டி நெஞ்சுயரத்துக்கு எழுந்துவிடுகிறது. ஏறி முதல் மிதி மிதித்தவுடன், அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே இருந்த அந்தத் தாமதம் இல்லை. கால் எண்ணுகிறது, வண்டி செல்கிறது. ஏவலைப் பாதி கேட்டதுமே எழுந்துவிடும் பணியாளைப் போன்றது அது. நின்ற நிலையிலிருந்து புறப்படுந்தோறும், ஏற்றம் வருந்தோறும் இவ்வுணர்வு மிகும். கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் ஏறும் ஒருவரை எண்ணிப் பார்த்தல் தகும். அறுபது கிலோ எடையுள்ளவர் இருபது கிலோ வண்டியோடு ஏறினால் மலைமேல் தூக்கிச் செல்ல வேண்டுவது எண்பது கிலோ. ஏழரைக் கிலோ வண்டியாயின் அறுபத்தேழரை. ஒவ்வொரு வளைவிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுமை குறைகிறது.

ஆயின் இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நல்லூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழி போன்ற சமநிலத்தில், ஓட்டம் நிலைபெற்ற பின்னர், எடை பெரும் பகையன்று, காற்றே பகை. மணிக்கு முப்பது கிலோமீட்டர் விரைவில் மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே செலவாகிறது. வண்டியை விடத் தோளைக் குறுக்கிக் குனிந்த முதுகே அங்கு மிகுதியும் உதவும். எனவே நொய்ம்மை எங்கும் வெல்லும் என்பது விற்பவர் கூற்றேயன்றி அறிந்தோர் கூற்றன்று.

மென்மையும் வன்மையும் இரண்டாம் இணை. நொய்யது மெல்லியதாக இருக்கும், கனத்தது வலியதாக இருக்கும் என்பது கையின் பழைய நம்பிக்கை. பஞ்சும் பாறையும் அந்நம்பிக்கையை வளர்த்தன. கரியிழை அதனைக் குலைக்கிறது. இருக்கையை விட்டு எழுந்து, கைப்பிடியைப் பற்றி இழுத்து, முழு உடலையும் ஒரு மிதியின்மேல் ஏற்றும்போது எஃகுச் சட்டகம் சற்றே துவளும், இது துவள்வதில்லை. இறகின் எடையும் இரும்பின் உறுதியும் ஒரு பொருளில் கூடி நிற்பதை உள்ளங்கால் உணர்கிறது. பவணந்தியார் நொய்ம்மை-திண்மை இணையையும் மென்மை-வன்மை இணையையும் ஒன்றாக்காமல் வேறுவேறாக எண்ணியதன் நுட்பம் இங்கே விளங்குகிறது. எடை வேறு, உறுதி வேறு.

இழுமெனலும் சருச்சரையும் மூன்றாம் இணை. ஓட்டத்தில் மிகுதியும் பேசுவது இந்த இணையே. கரியிழையும் பிசினும் சேர்ந்த பொருள் சிற்றதிர்வுகளை உலோகத்தைவிட விரைவில் அடக்கும் இயல்புடையது. ஆகவே புதுத் தார்ச்சாலையில் உள்ளங்கைக்கு வருவது ஒரு மெல்லிய முரலல் மட்டுமே. ஆனால் சல்லி பெயர்ந்த இடத்தில் இழுமெனல் மறைந்து சருச்சரை வந்துவிடும். இருபத்தைந்து, இருபத்தெட்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள டயர், அதனுள் இறுக்கி அடைத்த காற்று, இரண்டுமாகச் சேர்ந்து சாலையின் ஒவ்வொரு சொல்லையும் கைக்குக் கொண்டுவருகின்றன. உண்மையில் ஓட்டுநரின் சுகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது சட்டகத்தைவிட டயரின் காற்றழுத்தமே. நெல்லையும் உளுந்தையும் சாலையில் காயவைக்கும் காலத்தில் இவ்வண்டி நடுங்கும். அதன் மேலிருப்பவரும் நடுங்குவார்.

வெம்மையும் தட்பமும் இறுதி இணை. மார்கழி விடியலில் எஃகுக் கைப்பிடி சில்லிடும். அக்கினி நட்சத்திரத்தில் சுடும். கரியிழை வெப்பத்தை உலோகத்தைப் போல் விரைந்து கைக்குக் கடத்துவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு வெம்மை உண்டு. நீண்ட மலையிறக்கத்தில், கரியிழையாலாகிய விளிம்பை பிரேக் கட்டைகள் விடாது பற்றினால், உராய்வின் சூட்டில் பிசின் இளகி விளிம்பு கெடும். அவ்வச்சத்தினாலும் விளிம்பை விட்டுத் தட்டைப் பற்றும் டிஸ்க் பிரேக்குகள் வந்தன. தீயில் பிறந்தது தீயையே அஞ்சுவது எண்ணத்தக்கது.

தேரும் வண்டியும்

விரைந்த செலவின் உணர்வைத் தமிழ்ப் புலவர் பாடாமலில்லை. அகநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவரின் முல்லைப் பாட்டொன்று உண்டு. போர்முடித்துத் திரும்பும் தலைவன், தேரில் ஏறியதை அறிவான். இல்லம் வந்தது என்று பாகன் இறங்கச் சொல்லும்வரை இடையே வந்த வழியை அறியான். குதிரை வடிவில் காற்றைப் பூட்டினாயோ, அன்றி உன் மனத்தையே பூட்டினாயோ என்று பாகனை வியந்து வினவுகிறான். விரைவென்பது வழியை மறத்தல் என்பது அப்பாட்டின் கண்டுபிடிப்பு.

மிதிவண்டியின் விரைவு இதற்கு நேர் எதிரானது. தேரில் தலைவன் வேறு, பாகன் வேறு, குதிரை வேறு. மிதிவண்டியில் மூவரும் ஒருவரே. மூச்சு வாங்குவது குதிரை. திருப்பத்தை நோக்குவது பாகன். வீட்டை நினைப்பது தலைவன். ஆதலின் வழியை மறத்தல் இயலாது. ஏற்றத்தின் அளவைத் தொடை அறியும். எதிர்க்காற்றின் திசையைக் காது அறியும். குழியின் ஆழத்தை மணிக்கட்டு அறியும். வண்டி நொய்யதாகுந்தோறும் இவ்வறிவு கூர்மையாகிறது. இடையில் நின்று மழுக்கும் கனம் இல்லையாதலின், சாலைக்கும் உடலுக்கும் இடையே ஒரு தோலே எஞ்சுகிறது.

கரி என்னும் சொல்லுக்குத் தமிழில் சான்று என்னும் பொருளும் உண்டு. வள்ளுவர் அப்பொருளில் ஆண்டுள்ளார். கரியிழை வண்டி சாலைக்குக் கரியாக நின்று, உள்ளதை உள்ளபடி உரைக்கிறது எனலாம்.

தட்டிப் பார்த்தல்

ஆனால் இச்சான்று தன்னைப் பற்றி மட்டும் உண்மை உரைப்பதில்லை. எஃகு கேடுறுவதற்கு முன் வளையும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி நெளியும். ஊர்ப் பட்டறையில் காய்ச்சி அடித்து நேராக்கலாம். அலுமினியம் நசுங்கும். கரியிழையோ, ஒரு கல்லில் மோதிய பின்னும், மேற்பூச்சு மாறாமல், அழகு குன்றாமல் நிற்கக்கூடும்; உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். பின் ஒருநாள், எதிர்பாராத இடத்தில், முன்னறிவிப்பின்றி முறியும்.

இதனை அறியும் வழிகளுள் எளியது தட்டிப் பார்த்தல். ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிச் செவிகொடுப்பர். பழுதில்லாத இடம் தெளிவாக ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். சூளையிலிருந்து எடுத்த கலத்தை விரல் மடக்கித் தட்டிக் கீறலை அறியும் இம்மாவட்டத்துக் கைகளுக்கு இது புதிதன்று. பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிய பாட்டியின் அறிவும் வானூர்திப் பொறியாளரின் அறிவும் இங்கு ஒன்றாகின்றன.

புறநானூற்றில் ஔவையார், உப்பு வணிகரின் வண்டியைப் பாடுகிறார். இறக்கமோ ஏற்றமோ வழியில் எது வரும் என அறியாமையால், வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர் என்பது அப்பாட்டின் செய்தி. அச்சேம அச்சு சுமைதான். ஆயினும் அச்சுமையே துணை. கரியிழை வண்டியிலோ கூடுதல் அச்சு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. இருக்கைக்கு அடியில் ஒரு சிறு பையும் அதில் ஒரு மாற்று ட்யூபுமே உண்டு. நொய்ம்மையை விரும்புபவர் எதைத் துறந்து அதனைப் பெற்றார் என்பதை நினைந்துகொண்டே ஓட்டுதல் வேண்டும்.

எவருக்கு நொய்யது?

இலக்கக் கணக்கில் விலையுள்ள ஒரு வண்டியின் சுகத்தை நல்லூர் அவையில் இவ்வளவு விரிக்கலாமா என்ற வினா எழுதல் இயல்பு. எழவேண்டிய வினாவும் ஆகும். விடை புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது.

1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக விளங்கிய ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். வயற்கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், பால்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரவர் மிதிவண்டி கற்றனர். 1992இல் மகளிர் நாளை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் வண்டிகளோடு வந்தனர். முத்து பாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாட்டு அவர்தம் கொடிப்பாட்டாயிற்று. இதழாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியான தம் நூலில் இவ்வரலாற்றைப் பதிந்துள்ளார்.

அவர்கள் ஏறியது ஏழு கிலோ வண்டியன்று. பெண்களுக்கென்று செய்யப்பெற்ற வண்டிகள் போதாமையால், ஆண்கள் ஓட்டும் பாருள்ள கனத்த வண்டிகளிலேயே பலர் கற்றனர். சிலர் அவ்வண்டியையே விரும்பி வேண்டினர். காரணம், முன்பாரில் ஒரு குழந்தையை அமர்த்தலாம் என்பது. வண்டி எடையைக் குறைக்கக் கிராம் கணக்குப் பார்க்கும் உலகில், ஓர் இரும்புக் குழாய் கூடுதலாக இருப்பதே நன்று என்று கருதிய பெண்களின் முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. நீர்க்குடமும் விளைபொருளும் தலையிலிருந்து இறங்கிச் சக்கரத்தின்மேல் ஏறின. தந்தையோ தமையனோ கணவனோ அழைத்துச் செல்லும்வரை வாசலில் நிற்கும் நிலை தளர்ந்தது. ஊரார் ஏளனமும் இருந்தது. அதையும் மிதித்தே கடந்தனர்.

அவர்கள் அன்று உணர்ந்ததும் நொய்ம்மையே. வண்டியில் இருபது கிலோ இருந்தது. வாழ்வின் சுமையில் எத்தனை கிலோ குறைந்தது என்பதை எந்தத் தராசும் காட்டாது. பின்னர் 2001-02 முதல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கும், அதன்பின் பிற மாணவர்க்கும் அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கியபோது, பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த தொலைவு பல ஊர்களில் சுருங்கிற்று. ஆகவே நொய்ம்மை என்பது பொருளின் குணம் மட்டுமன்று. பொருளுக்கும் அதனைச் சுமப்பவருக்கும் இடையே உள்ள உறவின் குணம். கரியிழை வண்டியில் செல்லும் இளைஞன் காற்றில் மிதப்பதாக உணர்வது உண்மை. ஹெர்குலிஸ் வண்டியில் முதல் முறையாகத் தனியே சந்தைக்குச் சென்ற தாய் அவ்வாறு உணர்ந்ததும் உண்மை. இரண்டாவது உண்மையை அறியாமல் முதலாவதைப் பாடும் கவிதை பாதியே நொய்யது, மீதி வெறுமை.

கவிதைக்கு இதனால் ஆவது

தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் முதலாவதாக அம்மையை வைத்தார். சிலவாகிய மெல்லிய சொற்களால், சிலவாகிய அடிகளால் தொடுக்கப்படுவது அது. கீழ்க்கணக்கு நூல்களை உரையாசிரியர் இதனோடு பொருத்திக் காண்பர். தமிழ் தன் அழகுகளை எண்ணத் தொடங்கியபோது நொய்ம்மையையே முதலில் எண்ணியது என்பது கவிஞர்க்கு மகிழ்ச்சி தரும்.

இவ்வட்டத்தின் பத்தாண்டுக் காலக் கவியரங்குகளில் யாப்பின் கனத்தை இறக்கிவைத்த கவிதைகளே மிகுதி. அது குற்றமன்று. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. இறக்கிவைத்தபின் எஞ்சிய சட்டகம் துவளாமல் நிற்கிறதா? சீர் போயிற்று, தளை போயிற்று, எதுகை போயிற்று. போனவை செய்துவந்த வேலையை இப்போது எது செய்கிறது? அரங்கில் கைத்தட்டல் பெற்ற வரிகளுள் சில, மறுநாள் தாளில் படிக்கும்போது மந்தமாக ஒலித்ததை உறுப்பினர் அறிவர். தட்டிப் பார்க்கும் வழக்கம் வட்டத்தில் குறைந்து வருகிறது. பாராட்டும் வழக்கம் பெருகி வருகிறது. நட்பின் பெயரால் கீறலை மறைப்பது, பழுதுற்ற சட்டகத்திற்குப் புதுப்பூச்சு அடித்துக் கொடுப்பதை ஒக்கும்.

கரியிழை வண்டி நொய்யதானது பொருளைக் குறைத்ததனால் மட்டுமன்று. இழை தன் நீளத்தின் வழியே மிக வலியது, குறுக்கே வலிமையற்றது. ஆதலின் செய்பவர், எவ்விடத்தில் எத்திசையில் விசை வரும் எனக் கணக்கிட்டு, அத்திசையில் இழையைப் படுக்கவைக்கிறார். மிதியும் அச்சு அமைந்த அடிப்பகுதியில், முறுக்கைத் தாங்கச் சாய்வாகப் பல அடுக்கு; மேற்குழாயின் நடுவில் சில அடுக்கே. எல்லா இடத்தும் ஒரே அளவாக மெலிந்திருந்தால் வண்டி முதல் குழியிலேயே முறியும். சொற்சுருக்கமும் அத்தகையதே. வலி வரும் இடத்தை அறிந்து அங்கே சொல்லை அடுக்குவதும், வராத இடத்தில் விடுவதுமே சுருக்கம். எல்லாவற்றையும் ஒருசேரக் குறைப்பது வறுமை.

நொய்ம்மைக்கு ஓர் எல்லையும் உண்டு. அனைத்துலக மிதிவண்டிச் சங்கம், பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என 2000ஆம் ஆண்டு முதல் விதித்துள்ளது. அதனினும் நொய்யதாகச் செய்ய இயலும். ஆயினும் செய்யற்க என்கிறது விதி. மறுதலையாக, மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மீறின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் காட்டியுள்ளார். குறைப்பதிலும் அளவு, ஏற்றுவதிலும் அளவு.

நிறைவாக

வண்டியின் உறுப்புகளுள் பழமையான நொய்ம்மை சக்கரத்தில் உள்ளது. மெல்லிய கம்பிகள் சில, குடத்திலிருந்து விளிம்புவரை, ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டு நிற்கின்றன. தனியே எடுத்தால் விரலால் வளைக்கத்தக்க கம்பி, அவ்விழுவிசையில் ஒரு மனிதனைத் தாங்குகிறது. ஒன்று தளர்ந்தால் சக்கரம் ஆடும். அதனைச் சரிசெய்வதற்குக் கடைக்காரர் வழங்கும் தொடர், கோட்டம் எடுத்தல் என்பது. கோட்டம் வளைவு, சொல்லில் கோட்டம் இல்லாமையே செப்பம் என்னும் குறட்கருத்தும் அவ்வளைவையே சுட்டுகிறது. வள்ளுவர் ஆண்ட சொல், விருத்தாசலத்துச் சைக்கிள் கடையில் எண்ணெய்க் கறையோடு இன்றும் உயிர்வாழ்கிறது.

கோட்டம் எடுப்பவர் சக்கரத்தைத் தலைகீழாக நிறுத்திச் சுழற்றி, கண்ணால் பார்த்து, ஒரு கம்பியை இறுக்குகிறார், எதிர்க்கம்பியைத் தளர்த்துகிறார். எந்தக் கம்பியையும் கழற்றி எறிவதில்லை. பத்தாண்டு ஓடிய ஒரு வட்டத்திற்கு இன்று வேண்டுவது அதுவே. பாராட்டு சற்றே தளர்க. ஆய்வு சற்றே இறுகுக. புதுக்கோட்டைப் பெண்களைப் போல் புதியவர் ஏறுவதற்கு இடமும் இருக்கட்டும். முன்பாரில் ஒரு குழந்தைக்கும் இடம் இருக்கட்டும். அவ்வாறு அமையின் வட்டம் இன்னும் நெடுந்தொலைவு உருளும்.